பத்து எண்ணும் பிரேக்கு நைனா

காஞ்சிபுரத்தில் ஓடிய எல்லா வண்டியையும் மறித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டென்றால் அது பிரேக்கு நைனாதான். சாமி தேரை மட்டும் விட்டுவிட்டார். அதில் பெடல் இல்லை, அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் தெருமுனைப் புளியமரத்தடியில் ஒரு சாக்கு, நாலு ஸ்பேனர், அதுதான் பட்டறை. இன்ஜின் பக்கம் கையே வைக்க மாட்டார். "ஓடலன்னா வேற மேஸ்திரிகிட்ட போ. நிக்கலன்னா எங்கிட்ட வா" என்பார்.

கார் வந்தால் குறுக்கே போய் நிற்பார். டிரைவரை இறக்கிவிட்டுத் தானே ஏறி, பிரேக் பெடலை அழுத்திப் பிடித்தபடி கண்ணை மூடித் தெலுங்கில் பத்து எண்ணுவார். "ஒகட்டி, ரெண்டு, மூடு..." பெடல் நின்றால் ஒரு சலாம். மெல்ல மெல்ல இறங்கினால் சாவி அவர் இடுப்பு வேட்டிக்குள் போய்விடும். ஒரு பெரிய அதிகாரியின் சாவியே இரண்டு நாள் அங்கே குடியிருந்தது. ஆனால் எந்தக் காரிலும் அவர் சவாரி போனதில்லை. "நிறுத்தறவனுக்கு என்னாத்துக்குபா சவாரி?" என்பார்.

நாங்கள் தறிக்காரக் குடும்பம். அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கியிருந்தோம். தங்கைக்குப் பாலாற்றங்கரை ஓரிக்கையில் மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம். அன்று காலை காருக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அண்ணன் நெய்த முகூர்த்தப் பட்டில் தங்கை பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது நைனா வந்தார்.

"இன்னிக்கு வேணாம் நைனா. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரந்தான் இருக்குது" என்றேன்.

"பத்து எண்ண ஒரு மணி நேரமா ஆவும்? தள்ளுபா."

ஏழு எண்ணுவதற்குள் பெடல் தரையோடு படுத்துவிட்டது. சாவி இடுப்புக்குப் போனது.

சின்னம்மா கத்தினாள். "அடப்பாவி! பொண்ணு மணையில போய் உக்கார வேணாமா?"

"உக்காரணும்மா, அதுக்குத்தான். பாலாத்து எறக்கத்துல இது நிக்கலன்னா... நல்ல நாளும் அதுவுமா அத நான் சொல்ல மாட்டேன்."

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் விரலை விட்டார். பழுப்பாய் வந்தது. "தண்ணி எறங்கி உள்ள துருப் புடிச்சுக்கினு இருக்குது. மாஸ்டர் சிலிண்டர் ரப்பரு பூரா போச்சு. யாருபா தண்ணி ஊத்தினது?"

குடும்பத்துக்கு ஆபத்து வரக்கூடாதென்று வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் அதில் ஓர் உத்தரணி அபிஷேகத் தீர்த்தம் விட்டு வந்தேன்.

"தண்ணி இல்ல நைனா... தீர்த்தம்."

நைனா சிரிக்கவில்லை. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு டப்பாவைக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமி உன் தலைமேல இருக்கட்டும்பா. சிலிண்டருக்கு ஆயில் போதும்."

தங்கை விசும்ப ஆரம்பித்தாள். நைனா நேரே ரோட்டுக்குப் போய்க் குறுக்கே நின்றார். முதலில் வந்த கார் நாலு எண்ணும்போதே படுத்தது. அந்தச் சாவியும் இடுப்புக்குப் போனது. இப்போது அவரைத் திட்ட இரண்டு கார்க் கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுத்து, மெட்ராஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வக்கீல் கார். பத்து எண்ணியும் பெடல் கல்லாய் நின்றது.

"வக்கீலய்யா! உங்க பெடலு மகாலட்சுமி மாதிரி நிக்குது. பொண்ண ஏத்தணும்."

"என் கேஸு என்னய்யா ஆவறது?"

"கேஸுக்கு வாய்தா உண்டு. முகூர்த்தத்துக்கு உண்டா?"

வக்கீல் சிரித்துவிட்டார். அவரே ஓட்டினார். நைனா வாழ்நாளில் முதல்முறையாக முன் சீட்டில் ஏறினார். வழியெல்லாம் வலது காலால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். பாலாற்று இறக்கத்தில் கார் பூப்போல நின்று திரும்பியது. உரிய நேரத்தில் தாலி ஏறியது. வக்கீல் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

நைனா போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. காரும் மாறிவிட்டது. இப்போதும் வெள்ளிக்கிழமை தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு வந்து, காரில் ஏறி, பெடலை மிதித்துக் கண்ணை மூடுகிறேன். ஒகட்டி, ரெண்டு, மூடு... எனக்குத் தெரிந்த தெலுங்கு அந்தப் பத்து எண்கள் மட்டும்தான். பத்தும் வந்த பிறகு, காலை எடுக்கத்தான் மனம் வருவதில்லை.