ரோஸ்வித்தா மோதிரம் கழற்றிய விவரம்

எஸ்லிங்கன், அக்டோபர் 9

அன்புத் தம்பி குந்த்ராமுக்கு,

அண்ணன் எக்கெஹார்ட் எழுதுவது. இங்கே நான் நலம். சிகிச்சை விடுதியின் சேற்றுக் குளியலில் உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்து படி.

எங்கள் பூட்ஸ் பாலிஷ் ஆலையில் டப்பாவுக்கு மூடி போடும் மிஷினில், மூடி வந்துவிட்டதா என்று தொடாமலே கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று உண்டு. உலோகம் பக்கத்தில் வந்தால் அதற்குத் தெரிந்துவிடும். பழையது கட்டைவிரல் தடிமன். போன மாதம் நான்தான் தீக்குச்சி தடிமனில் புதியதை வாங்கி, மூடி வரும் தடத்திலேயே பதித்தேன். அதிலிருந்து மிஷின் அடிக்கடி நின்றது, பெரும்பாலும் உன் மனைவி ரோஸ்வித்தா வேலையில் இருக்கும்போது. ஃபோர்மேன் லூட்ஸ் அவளைப் பெட்டி ஒட்டும் பக்கம் அனுப்பிவிடுவேன் என்று குதித்தார், அவள் கண்கலங்கினாள், நான் இரண்டு நாள் கூடவே நின்று கவனித்தேன், கோணல் மூடியை அவள் விரலால் தட்டும்போது கல்யாண மோதிரம் சென்சாரை உரசிப் போனது, சரி, அதை மூடி என்று நினைத்து சென்சார் ஏமாந்து மிஷினை நிறுத்துகிறது என்று முடிவுகட்டினேன். மிஷின் பக்கம் மோதிரம் கூடாதுதான். கழற்ற வராது என்று விட்டுவைத்திருந்தார்கள்.

"கழட்டிடும்மா" என்றேன்.

"இருபத்தாறு வருஷமா கழட்டினதில்ல அத்தான்."

சோப்புத் தண்ணீரில் வந்துவிட்டது. அன்று முழுக்க மிஷின் நிற்கவே இல்லை. அவள்தான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. இதால மிஷின் மட்டுமா நின்னுச்சு? கார் ஓட்டக் கத்துக்கறேன்னேன், 'உனக்கெதுக்கு'ன்னார் உங்க தம்பி, நின்னுச்சு. பாட்டுக் குழுவுல சேர்றேன்னேன், அதுவும் நின்னுச்சு."

சனிக்கிழமை இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டாள். உன் அண்ணி கெர்லிண்டே பாலாடைக்கட்டி போட்டு ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸ் செய்து கொடுத்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். மோதிரத்தை உன்னிடமே சேர்க்கச் சொன்னாள். இத்துடன் வைத்திருக்கிறேன். சென்சார் மேல் குற்றம் இல்லை, அதன் வேலையை அது செய்தது.

உன் முதுகும் மனமும் தேற வாழ்த்தும்,
அண்ணன் எக்கெஹார்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு இதை வெளிப்புறத்தில் எழுதுகிறேன். இன்று காலை மோதிரம் இல்லாமலே மிஷின் நான்கு முறை நின்றது. பிரித்துப் பார்த்தால், சென்சாரைப் பதித்தபோது அதன் மெல்லிய ஒயரை நானே நசுக்கியிருக்கிறேன். நினைத்தபோது தொடுகிறது, நினைத்தபோது விடுகிறது. ரோஸ்வித்தாவிடம் மன்னிப்புக் கேட்டு, உறையைப் பிரித்து மோதிரத்தைத் தரட்டுமா என்றேன்.

"ஒயரை மாத்துங்க அத்தான்" என்றாள்.