மலை நகரவில்லை, ஐயா

பீடோர், மலேசியா, 9.8.1986

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அச்சகத்தாரும் நலம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வாய் மூடிக் கிடந்தது போதும்.

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து மலையுச்சியில் 1979-இல் அளவை இலாகாக்காரர்கள் ஒரு சிமெண்டுத் தூண் நட்டு, அதன்மேல் ஏரியல் பொருத்தி, வானத்தில் போகும் செயற்கைக்கோள்களின் சத்தத்தை ஐந்து நாள் கேட்டார்கள். பல நாடுகளில் இப்படி நிலையங்கள் உண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பூமி எங்கே நகர்கிறது என்பதுகூடத் தெரியுமாம். ஆங்கிலம் தெரிந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி என்பதால் என்னைத் தூணுக்குக் காவலராக்கி, முத்திரையோடு கடிதம் தந்தார்கள். இருபது வருடத்தில் எந்தத் துரையும் தராத மரியாதை.

அவர்கள் லாரி மலையிறங்கியதுமே லயத்து வீரம்மா தூணுக்கு மஞ்சள் பூசிவிட்டாள். அடுத்த வாரம் வேட்டி. அடுத்த வருடம் தகரக் கொட்டகை, கமிட்டி, அதற்குத் தலைவராக என் மனைவியின் அண்ணன் ராமையா. "சாமி ஒதுங்கி நிக்குது, வாசலுக்கு நேரா தள்ளி வச்சிரலாம் லா" என்றார். "அது சாமி இல்ல மச்சான், சர்வே தூண்" என்றேன். "ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். சாமிக்குத் தெரியுமா?" என்றார். கூட்டமே சிரித்தது. கும்பாபிஷேகத்தன்று தூண் நான்கடி கிழக்கே போய்விட்டது.

போன மாதம் இலாகாக்காரர்கள் திரும்ப வந்து, கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டு அளந்தார்கள். இளம் அதிகாரிக்கு முகம் வெளிறிவிட்டது. மற்ற நாட்டு நிலையங்களெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, எங்கள் மலை மட்டும் ஏழு வருடத்தில் நான்கடி நடந்திருக்கிறதாம்! "சாமிக்குச் சக்தி அதிகம், துவான்" என்று ராமையா கைகட்டி அதிகாரியிடம் சொன்னார். விளைவு, மலை சரிகிறது, அடிவாரத்து முப்பத்திரண்டு குடும்பமும் மாதக் கடைசிக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பிச்சைமுத்து ஆடுகளை விற்கிறான். காளியம்மா சட்டி பானை கட்டுகிறாள். தலைவர் வாயே திறக்கவில்லை. என் மனைவி மங்களமோ, "எங்கண்ணனைக் காட்டிக் குடுத்தீங்கன்னா வீட்டுல அடுப்பு எரியாது" என்கிறாள்.

மலை நகரவில்லை, ஐயா. ராமையா நகர்த்தினார். கொட்டை எழுத்தில் போடுங்கள். இலாகாவுக்கே எழுதலாமே என்பீர்கள். 'தூண் நலம், அசைவில்லை' என்று மாதாமாதம் அறிக்கை அனுப்பியவன் நான். என் கையெழுத்து அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

தங்கள் இல்லத்தார் அனைவரும் நல்ல சுகத்தோடு, சரியாத தரையில் நீடு வாழ வேண்டுகிறேன்.

பி.கு.: அன்று கூட்டம் சிரித்ததில் எனக்கு மானம் போய்விட்டது. "தள்ளுறதுன்னா ஒழுங்காத் தள்ளுங்க" என்று நூல் பிடித்து, மட்டம் பார்த்து, தழும்பு தெரியாமல் சிமெண்டு பூசியது நான்தான். 'தூண் பெயர்க்கப்பட்ட அடையாளம் எதுவுமில்லை' என்று அதிகாரியே எழுதியிருக்கிறார். ராமையாவால் இத்தனை சுத்தமாகச் செய்திருக்க முடியாது என்பதையும் சேர்த்துப் போடவும். அந்த நோட்டீஸ் கிழியவேண்டும். என் நியமனக் கடிதம் கிழியக்கூடாது. ஆகவே, பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.