கூட உட்கார்ந்து சாப்பிடுபவர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஞாயிறுதோறும் நீயே போனில் மூச்சுவிடாமல் உன் நலத்தைச் சொல்லி முடித்துவிடுவதால், ஆவல் கொள்ள எனக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை. உன் கார் டயர், மாடித் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் நாய் உன் செருப்பைக் கவ்விக்கொண்டு போனது, எல்லாம் தெரியும். நடுவில் நான் ஒரு வார்த்தை சொல்ல ஊசி நுழையும் இடம்கூட நீ தருவதில்லை. அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி. உனக்கு ஒரு போன் வரும். பல் ஆஸ்பத்திரியிலிருந்து. உன் அக்கா எப்படி மெல்லுகிறாள் என்று கேட்பார்கள்.

சிரிக்காதே, முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு இடது பக்கம் கீழே கடைவாய்ப் பற்கள் இரண்டும் போய்விட்டன. உன்னிடம் சொல்லவில்லை, சொல்லக்கூடிய செய்தியாக அது படவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், ஆனால் என் சொல்லுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதை என் மாணவர்கள் வருத்தத்தோடு உறுதிசெய்வார்கள். பல் மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நடப்பதாகவும், பல் இழந்தவர்கள் சேரலாம் என்றும் எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பாதிப் பேருக்குத் தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் நிலையாகப் பல் வைப்பார்கள். மீதிப் பேருக்குக் கழற்றி மாட்டும் பல். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவுசெய்யும். குலுக்கலுக்கு ஓரவஞ்சனை தெரியாது என்று வருஷாவருஷம் புள்ளியியல் வகுப்பில் எழுதிப் போடுகிறவள் நான். ஆனாலும் கழற்றி மாட்டும் பல் என்று வந்தவுடன், "அது எப்படி எனக்கு மட்டும்?" என்றுதான் கேட்டேன். "பாதிப் பேருக்கு அதான் மேடம்" என்றாள் அந்த ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கும் பெண். சின்ன வயது, எப்போதும் உற்சாகம், என்னைப் பார்த்து அது குறையாத ஒரே ஆள்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. மெல்லும் திறனை அளக்கிற டாக்டருக்கு யார் வாயில் எந்தப் பல் என்று தெரியவே கூடாது. தெரிந்தால் தனக்குப் பிடித்த பல்லுக்கு அறியாமலே மார்க் கூட்டிப் போட்டுவிடுவார். நல்ல விதி, நானே வகுப்பில் புகழ்ந்து பேசுவேன். அதனால் அவர் அறையில் பல்லைப் பற்றி நாம் மூச்சுவிடக் கூடாது. நீலமும் சிவப்பும் ஒட்டிய சூயிங்கம் ஒன்றைத் தருவார்கள். மென்று துப்பினால், நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நானும் பரீட்சை எழுதுகிற சிரத்தையோடு மென்றேன். அவர் கிண்ணத்தை நீட்டினார். துப்பினேன். சூயிங்கத்தோடு பல்லும் போய்க் கிண்ணத்தில் 'டங்' என்று விழுந்தது. அந்த மனுஷர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். "நான் பாக்கல மேடம், சத்தியமா பாக்கல!" "டாக்டர், அது உங்க கையில இருக்கிற கிண்ணத்துலதான் இருக்கு." "எதுன்னு சொல்லாதீங்க மேடம், ப்ளீஸ்!" என் பல்லை எனக்கே தராமல், கண்ணைத் திறக்காமல், கிண்ணத்தோடு சுவரைத் தடவித் தடவி வாசலுக்குப் போனார். கதவுக்கு வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். அடுத்த முறையிலிருந்து என்னை அளக்க வேறு டாக்டர். பழையவர் என்னை வராந்தாவில் பார்த்தால் இப்போதும் தலையைக் குனிந்துகொள்கிறார்.

அதற்குப் பிறகு கேள்விகள். 'கடந்த ஒரு மாதத்தில், பற்களின் காரணமாக, பிறரோடு சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தீர்களா?' தவிர்க்க வேண்டுமானால் முதலில் பிறர் வேண்டும். 'ஒருபோதும் இல்லை' என்றேன். 'சாப்பிடும்போது யாராவது உங்களைக் கவனிப்பதாகக் கூச்சப்பட்டீர்களா?' என் மேசைக்கு எதிர் நாற்காலியில் திருத்தாத விடைத்தாள்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன, அவை எதையும் கவனிப்பதில்லை, எழுதியவர்களே கவனிக்காமல் எழுதியவை. 'ஒருபோதும் இல்லை.' 'பற்களால் வீட்டாரிடம் எரிச்சல் காட்டினீர்களா?' 'ஒருபோதும் இல்லை.' அந்தப் பெண் கூட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க ஸ்கோர்தான் இங்க எல்லாரையும்விட பெஸ்ட்! பல்லால உங்க வாழ்க்கையில ஒரு பாதிப்பும் இல்ல!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தனியாக இருப்பவர்களெல்லாம் முதல் வகுப்பில் தேறும்படி கேள்விகளை அமைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளக்கலாமென்று வாயெடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், விட்டுவிட்டேன்.

வினை அப்புறம்தான் வந்தது. இரண்டாம் கட்டத்தில் நம்மிடம் மட்டும் கேட்டால் போதாதாம். நம்மோடு வழக்கமாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவரிடமும், மெல்லுவதில் என்ன மாற்றம் என்று கேட்பார்களாம். அப்படி ஒருவர் இல்லாதவர்களை முதல் கட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள். "கூட யாரு மேடம் சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். பின்னால் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். அந்த அம்மாள், கேட்காமலே, "இவரு மெல்லறதே இல்லம்மா, முழுங்கறாரு" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு யாருமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தம்பி" என்று வந்தது. "தினமும் வருவாரா?" "ஞாயித்துக்கிழமை." "போதும் மேடம்!" என்று உன் நம்பரை வாங்கிக்கொண்டாள். நீ இருக்கும் ஊருக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார வேண்டும் என்பதை அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

வீட்டுக்கு வந்து, நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன்டா. முதல்ல வலப்பக்கமா மட்டும் மென்னுட்டிருந்தா, இப்ப ரெண்டு பக்கமும் மெல்றா; கேரட், வேர்க்கடலை எல்லாம் நிறுத்தியிருந்தா, இப்ப திரும்பத் தொடங்கியிருக்கா; ரொட்டியைப் பால்ல நனைச்சுத் தின்னதை விட்டுட்டா. இவ்வளவும் உண்மை. ஆனால் இதில் ஒன்றாவது உனக்கு எப்படித் தெரியும்? நீ பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடுவேன். நீ அதைக் கவனிப்பதே இல்லை என்பதால் அது மரியாதைக் குறைவில்லை என்று நினைத்துக்கொள்வேன். நான் கை கழுவப் போகும்போது சரியாக உனக்கும் பேச்சு தீர்ந்து, "சரிக்கா, வெச்சிடறேன்" என்பாய். இந்தப் பொருத்தத்தை இத்தனை வருஷமும் தற்செயல் என்றே வைத்திருக்கிறேன். உன் வாய் ஓயாது, என் வாய் காலியாக இராது, இதில் யார் யாரைக் கவனிக்க?

ஆகவே தீர யோசித்து எழுதுகிறேன். அவர்கள் அழைத்தால் உண்மையைச் சொல்லிவிடு. அக்கா எப்படிச் சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாது, நாங்கள் சேர்ந்து சாப்பிட்டு வருஷங்கள் ஆகின்றன என்று சொல். ஒரு பொய்த் தகவல் உள்ளே புகுந்தால் மொத்தக் கணக்கும் கோணிப்போகும், அதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன். என்னை அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். பல்லைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். மாதமொருமுறை அங்கே போய் உட்காருவது நின்றுபோகும். "இந்த மாசம் எப்படிச் சாப்ட்டீங்க மேடம்?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பாள். அது ஒன்றுதான். அதில்லாமலும் மனுஷி சாப்பிடலாம்.

இதற்காகப் பதறிக்கொண்டு நீ கிளம்பி வர வேண்டாம். எனக்கு யாரும் தேவைப்படவில்லை. உன் மனைவியிடம் என் அன்பைச் சொல். உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே. குலுக்கல் எதுவும் இல்லாமல் அவளுக்குத் தானாக முளைக்கும், அவள் நீடூழி வாழ என் ஆசிகள். பக்கத்து வீட்டுக்காரரை அந்த நாயைக் கட்டிப்போடச் சொல், இல்லையென்றால் ஒருநாள் நீயே அதன் பல் ஆராய்ச்சிக்கு உட்படுவாய்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்தப் பெண் போன் செய்தாள். உன்னிடம் நேற்றே பேசிவிட்டார்களாம். "உங்க தம்பி மாதிரி பதில் சொன்னவங்க யாருமே இல்ல மேடம்" என்றுவிட்டு, நீ சொன்னதை அப்படியே படித்துக் காட்டினாள். 'போன்லதாங்க நாங்க சேர்ந்து சாப்பிடறது. நடுவுல கொஞ்ச மாசம் கேரட் சத்தமே இல்ல. எனக்கு பயமாயிடுச்சு, கேட்டா சொல்லாது. அப்புறம் டக்கு டக்குனு ஒரு சத்தம், பல்லு புதுசுன்னு நெனச்சேன். இப்ப ரெண்டு மூணு வாரமா கேரட் வந்துடுச்சு. வாய்ல சாப்பாடு இருந்தா அக்கா பேசாது, அதான் முடிக்கிற வரைக்கும் நான் எதையாவது பேசிட்டிருப்பேன். விஷயமெல்லாம் தீந்து போய், பக்கத்து வீட்டுக்கு நானா பேச்சுலயே ஒரு நாய வாங்கி விட்டிருக்கேன். குழாயத் தெறந்து கை கழுவுற சத்தம் கேட்டதும் வெச்சிடுவேன்.' 

போனில் கேட்டது செல்லுமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டார்களாம், செல்லும் என்றாராம். ஆள் எண்ணிக்கை குறையாமலிருக்க அவர்கள் எதையும் செல்லும் என்பார்கள் என்பது என் கருத்து. இருந்தாலும் மறுக்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமைக்குக் கேரட் வாங்கி வைத்திருக்கிறேன். செருப்பைக் கவ்விக்கொண்டு போன அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆயிற்று?