சுப்புராஜ் வீட்டு கேஸ் சிக்கனம்

சிக்கனத்தைப் பற்றி உலகமே பேசுகிறது. குளிர்ந்த காற்றிலும் அதைக் கடைப்பிடித்த பெருமை ராஜபாளையத்தில் ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான் உண்டு.

மருமகள் இந்துவுக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் இருக்கிறது, வெக்கை ஆகாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உடனே மாமனார் சுப்புராஜ், ஓய்வுபெற்ற மில் ஸ்டோர் கீப்பர், இருபது வருடத்துப் பழைய காரின் ஏ.சி.யைப் 'புனரமைக்க' உத்தரவிட்டார்.

மெக்கானிக் ஜெபக்குமார் கசிந்த குழாயை மாற்றி, புதுசாக கேஸ் அடித்தார்.

"இது எம்புட்டு நாளைக்கு வரும்?"

"லீக் இல்லைன்னா வருசக்கணக்கா நிக்கும் சார். உள்ளயேதான் சுத்திக்கிட்டு கெடக்கும். அடுப்பு கேஸ் மாதிரி எரிஞ்சா போகுது?"

சுப்புராஜ் வெளியே வந்து மகனிடம் சிரித்தார். "தீராதாம்லே! இவன் யாருகிட்ட கதை விடுதான்?"

மகன் பாலகணேஷ் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஜெபக்குமார் சொன்னதையே பரீட்சையில் படம் வரைந்து எழுதி முதல் வகுப்பு வாங்கியவன். அப்பாவோடு சேர்ந்து அவனும் சிரித்தான்.

அன்று மாலையே குடும்பக் கூட்டம் கூடி, ஒருமனதாகத் தீர்மானித்தது: அவசர காலம் தவிர ஏ.சி. போடலாகாது. கண்ணாடியையும் இறக்கலாகாது, இறக்கினால் ஏ.சி. இல்லாத கார் என்று ஊர் நினைத்துவிடும்.

மறுநாள் பதினொரு மணி வெயிலில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் செக்கப்புக்காகக் கார் புறப்பட்டது. பாலகணேஷ் ஓட்ட, இந்துவும் சுப்புராஜும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, செத்த நேரம் ஏ.சி. போடச் சொல்லுங்க. மூச்சு முட்டுது."

"இப்பவே தீத்துட்டா, பொறவு பிரசவத்துக்குப் போறப்ப என்னம்மா செய்வ? உனக்காகத்தானே சேத்து வைக்கேன்!"

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க."

பாலகணேஷ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். முகமெல்லாம் வேர்வை. "அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு இந்து," என்றான். இல்லறத்தில் இப்படியொரு நடுநிலை அபூர்வம்.

மடவார்வளாகம் வரும்போது இந்து ஒரு பக்கமாகச் சரிந்தாள்.

"பாத்தியாலே," என்றார் சுப்புராஜ், குரலைத் தாழ்த்தி. "ஏ.சி. இல்லாமலே என்னமா தூங்குதா!"

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்தது. குளுக்கோஸ் ஏறியது. குழந்தையின் துடிப்பு கிடைக்க நெடுநேரம் பிடித்தது. கிடைத்த பிறகுதான் டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"எதுல கூட்டிட்டு வந்தீங்க? கார்ல ஏ.சி. ரிப்பேரா?"

சுப்புராஜுக்குச் சுருக்கென்றது. "ரிப்பேரா? நேத்துதான் கேஸ் அடிச்சோம் டாக்டர். ஒரு பொட்டு குறையல!"

டாக்டரம்மா மாமனாரையே முறைத்தார். பாலகணேஷும், நியாயம் தெரிந்தவனாக, அப்பாவை முறைத்தான்.

இந்து மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"மாமாவ ஏன் டாக்டர் பாக்கீங்க? ஓட்டுனது இவுக. சுவிட்சு இவுக கைகிட்டதான் இருந்துச்சு."