பதினாலாவது மாடிக் குழாய்

சமையலறை சிங்குக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடந்த பிளம்பருக்கு வெளியே தெரிந்தது ரெண்டு கால்கள் மட்டும்தான். அதுவே போதுமாயிருந்தது. இடது முழங்காலில் பூரான் ஊர்ந்த மாதிரி ஒரு தையல் தழும்பு. அந்தக் கால் உடைந்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனதை டீவியில் பார்த்த அன்றைக்கு அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. "உங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டீங்க" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் கொக்கி. இடது காலால் அவர் அடிக்கிற பந்து வளைந்து போய் வலைக்குள் விழுகிற அழகைப் பார்த்து ரசிகர்கள் வைத்த பெயர். அப்பேர்ப்பட்ட கொக்கி, எட்டித் தொட்டால் தொடுகிற தூரத்தில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பிரச்சினைண்ணே?" என்றார்.

"நட்டு லூசாயிருக்கு சார்."

பிளம்பர் சிங்கின் அடிவயிற்றைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். உண்மையில் அது தானாக லூசாகிற நட்டு இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத யாரோ, சுற்றிலும் பல் பதிகிற மாதிரி கடித்துக் கடித்துத் தளர்த்தியிருந்தார்கள். சமையல்கார அக்காவின் கைவரிசையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அந்த அக்கா மேடையருகே வெங்காயம் நறுக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றிருந்தாள்.

அவனும் வாயைத் திறப்பதாக இல்லை. முதலாளியம்மாவின் உத்தரவு அப்படி.

அந்த அடுக்குமாடி முழுவதற்கும் ரிப்பேர் வேலை அவள் கம்பெனிதான். கொஞ்ச நாளைக்கு முன்னால் இதே வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன், ஃபேனை மாட்டின கையோடு, தலை துவட்டிக்கொண்டு வந்த கொக்கியின் தோளில் கையைப் போட்டு ஒரு செல்ஃபி எடுத்தான். இடுப்புத் துண்டோடு கொக்கி, பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய எலக்ட்ரீஷியன். படம் ஊரையே ஒரு சுற்று சுற்றியது. கொக்கி ஆடுகிற கிளப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. எலக்ட்ரீஷியன் இப்போது மாமனார் கடையில் பல்பு விற்கிறான்.

"அந்த வீட்ல கொக்கின்னு யாரும் கிடையாது" என்று முதலாளியம்மா காலையில் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "பதினாலாவது மாடி, சமையலறைக் குழாய். உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஒரு புகார் வந்தாலும் நீ வீட்டுக்குப் போயிடலாம். வரலைன்னா உன்னை நிரந்தரம் பண்றேன்."

இத்தனை வருஷமாக நிரந்தரம் என்ற வார்த்தையையே யாரும் அவனிடம் சொன்னதில்லை. ஆனால் கொக்கியிடம் சொல்ல அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அது நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. இன்னும் ஒரு வருஷம் ஆடுங்க சார். இவ்வளவுதான். கால் தேறி வந்த பிறகு கொக்கியைப் பாதி ஆட்டங்களில் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். ஓய்வு அறிவிக்கிறாரா, ஆடுகிறாரா என்று இன்றைக்குள் சொல்லச் சொல்லிக் கிளப் கெடு வைத்திருந்தது. ஊரில் அதுதான் பேச்சு. பிளம்பருக்கு ரெண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

"தண்ணி குடிங்கண்ணே."

கொக்கி ஒரு பீங்கான் கோப்பையை நீட்டினார். கோப்பையில் கொக்கியின் முகம். கோல் அடித்த சந்தோஷத்தில் வாய் பிளந்த முகம். சரிதான், சோதிக்கிறார் என்று பிளம்பர் உஷாரானான். பல்லைக் காட்டினால் எலக்ட்ரீஷியன் கதிதான். படத்தைத் தன் பக்கம் வராமல் திருப்பிவைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தான். கீழே வைத்த கோப்பையைக் கொக்கி எடுத்து, முகம் அவனைப் பார்க்கிற மாதிரி மறுபடி வைத்தார்.

"ஃபுட்பால் பாப்பீங்களா?"

"எங்க சார் நேரம். அப்படியே இருந்தாலும், இத்தனை பேர் சேர்ந்து ஒரே பந்தைத் துரத்தறதுல என்ன சார் இருக்கு."

சொல்லிவிட்டு உள்ளுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். சமையல்கார அக்கா இருமினாள். வெங்காய நெடியாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அப்போதுதான் அவன் சட்டைப் பையிலிருந்த போன் அலறியது. "கொக்கி... கொக்கி வளைக்கிறார்... வளைச்சிட்டார்யா, வளைச்சிட்டார்!" என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்த, பின்னால் மைதானமே ஆர்ப்பரித்தது. கிளப்புக்குச் சாம்பியன் கோப்பையை வென்று கொடுத்த கோல் அது. ரெண்டு வருஷமாக அதுதான் அவன் ரிங்டோன்.  அவசரமாக எழுந்ததில் நெற்றி சிங்கில் இடித்தது.

அழைத்தது மனைவி. "ஏங்க, சொல்லிட்டீங்களா? சொல்லாம வந்து ராத்திரி பூரா என் காதுல புலம்பினீங்கன்னா..."

"வேலையில இருக்கேன்" என்று வைத்துவிட்டான்.

கொக்கி குனிந்து சிங்குக்கு அடியில் பார்த்தார். முகத்தில் ஒரு மினுமினுப்பு. "அது என்ன ரிங்டோன்ணே?"

"என் மச்சான் வச்சுவிட்டது சார். எனக்கு மாத்தத் தெரியலை."

"எதைப் பத்தின்னு தெரியுமா?"

"ஏதோ இரும்புக்கடை ஏலம்னு நினைச்சேன் சார். கொக்கி கொக்கின்னு கத்தறாங்களே."

கொக்கியின் முகத்தில் இருந்த மினுமினுப்பு போன இடம் தெரியவில்லை. நிம்மதி போலிருக்கிறது, பாவம், எத்தனை பேர் இவரைப் பிடுங்கியிருப்பார்கள் என்று பிளம்பர் மனசுக்குள் உருகினான். உருகின உருக்கத்தில் ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று கவனிக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில்கூட அவன் செய்யாத தப்பு அது. நட்டு பொசுக்கென்று கழன்றுகொண்டது, தண்ணீர் பீறிட்டு அவன் மூஞ்சியில் அடித்தது.

சமையல்கார அக்கா ஓடிப்போய் மெயின் வால்வை மூடுவதற்குள் சமையலறை குளமாகிவிட்டது. தொப்பலாக நனைந்து எழுந்து நின்ற பிளம்பருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கம்பெனி சட்டை வெள்ளை. அதுவும் மெல்லிசு. உள்ளே, எதற்கும் இருக்கட்டும் என்று ஆசையாகப் போட்டு வந்தது கிளப்பின் சிவப்பு ஜெர்சி. முதலாளியம்மா கம்பெனி சட்டையைப் போடத்தானே சொன்னாள், உள்சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று காலையில் தனக்குத்தானே வாதாடி ஜெயித்திருந்தான்.

"கொஞ்சம் திரும்புங்கண்ணே" என்றார் கொக்கி. குரல் லேசாக நடுங்கியது.

முதுகில் ஒன்பதாம் நம்பரும், அதற்கு மேலே 'கொக்கி' என்ற எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. பிளம்பர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது கொக்கி சிரித்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து டீவியில் யாரும் பார்க்காத சிரிப்பு. அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்தான் பிளம்பர்.

"ஏதுண்ணே இந்த ஜெர்சி?"

"இதுவா சார்? பழைய துணிக்கடையில குவிச்சு வச்சிருந்தான். சீந்த ஆளில்லை போல. வண்டி துடைக்கலாம்னு எடுத்தேன். இன்னிக்குக் காலையில பனியன் காயலை, அதான்."

அது கடைவாசலில் விடிய விடிய வரிசையில் நின்று வாங்கிய ஜெர்சி. மனைவி அதைத் துவைக்கிற மெஷினில் போட்டால்கூட அவன் சண்டைக்குப் போவான். இப்போது தன் வாயாலேயே வண்டி துடைக்கிற துணி ஆக்கிவிட்டான்.  வேலைக்காக எதையெல்லாம் விற்க வேண்டியிருக்கிறது என்று தன்மேலேயே பரிதாபமாக இருந்தது.

கொக்கி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு ஜெர்சி. அந்தக் கோப்பை ஆட்டத்தில் அவர் போட்டிருந்த ஜெர்சியேதான். தோளில் தையல் விட்ட இடம்கூட அப்படியே இருந்தது. பிளம்பருக்கு அந்தத் தையல் எந்த நிமிஷத்தில், யார் பிடித்து இழுத்து விட்டது என்பது வரை தெரியும்.

"நனைஞ்சு போயிருக்கீங்க. இதைப் போட்டுக்கோங்க. நீங்களே வச்சுக்கோங்க."

ஆகா, கடைசி அஸ்திரத்தை எடுத்துவிட்டார் என்று பிளம்பர் பல்லைக் கடித்துக்கொண்டான். வாடிக்கையாளரிடம் துரும்புகூட வாங்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். கண்ணை ஜெர்சியிலிருந்து பிய்த்து எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினான். எச்சிலை விழுங்கினான்.

"இது வேண்டாம் சார். வேற ஏதாவது நல்லதா இருந்தா குடுங்க."

சமையல்கார அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள், புருவத்தைத் தூக்கினாள், தலையை லேசாகக் கொக்கி பக்கம் ஆட்டினாள். வெங்காயம் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து, "தண்ணி விட்டுக் கழுவுங்கக்கா" என்றான். வீட்டில் தண்ணீர் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அவள் பெருமூச்சு விட்டு, கொடியில் கிடந்த பூப்போட்ட ஏப்ரனை எடுத்து அவன்மேல் வீசினாள்.

ஈரச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூப்போட்ட ஏப்ரனோடு அவன் வேலையை முடித்தான். புது வாஷர் போட்டு, டேப் சுற்றி, நட்டை முறுக்கி, தரையைத் துடைத்து, குழாயைத் திறந்து மூடிக் காட்டினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அத்தனை நேரமும் கொக்கி சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றார். பெனால்டி அடிப்பதற்கு முன்னால் கோல்கீப்பரைப் பார்க்கிற அதே பார்வை. கடைசியில் கேட்டேவிட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் என்ன வேலை பாக்கறேன்னு நினைக்கிறீங்க?"

 பிளம்பர் பந்துக்கு எவ்வளவு தூரத்தில் ஒரு வேலை உண்டோ அவ்வளவு தூரத்தில் ஒன்றைத் தேடினான்.

"பேங்க்லயா சார்?"

"பேங்க்ல வேலை பாக்கறவன் வேலை நாள்ல, பட்டப்பகல்ல, அரைக்கால் டவுசரோட வீட்ல நிப்பானா?"

அது நியாயமான கேள்வி.  ரெண்டு நாளாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒரே வார்த்தை, வழி கிடைத்த சந்தோஷத்தில் வாய் வழியாக வெளியே குதித்தது.

"அப்போ ரிட்டயர் ஆயிட்டீங்களா சார்?"

 கொக்கி மெல்லத் தலையை ஆட்டினார். "சரிண்ணே. ரொம்ப நன்றி" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்த பிளம்பர் காதில் ரெண்டு வாக்கியம் விழுந்தது. "முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கே அறிவிச்சிடுங்க."

முடிவு பண்ணிவிட்டார். அந்தக் குரலில் இருந்த நிதானத்தைக் கேட்டதும் பிளம்பருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆடத்தான் போகிறார். ஓய்வு பெறுகிறவன் குரல் இப்படியா இருக்கும். தொந்தரவு செய்யாமல், செல்ஃபி கேட்காமல், ஒரு மனுஷனை மனுஷனாக விட்டு வைத்ததில் அவருக்குக் கிடைத்த நிம்மதிதான் இந்த முடிவு என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் நம்பியும்விட்டான். மனைவியிடம் சொல்ல வேண்டும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் நான் செய்த உதவி என்று சொல்ல வேண்டும்.

சர்வீஸ் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது போன் அதிர்ந்தது. முதலாளியம்மா.

"என்னய்யா பண்ணின அங்க? இப்பதான் அவரே கூப்பிட்டார்."

பிளம்பர் சுவரைப் பிடித்துக்கொண்டான். "மேடம், நான் ஒண்ணுமே..."

"'நல்ல மனுஷனை அனுப்பினீங்க, நான் யாருன்னே அவருக்குத் தெரியலை, வேலையை விட்டு எடுத்துடாதீங்க'ன்னார். அப்புறம் குரல் கம்மிப்போச்சு, வச்சிட்டார். நெகிழ்ந்துட்டார்யா மனுஷன். நாளையிலிருந்து நீ நிரந்தரம்."

பிளம்பருக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த நேரம் சமையல்கார அக்கா குப்பைப் பையோடு வெளியே வந்தாள். கையில் அவன் விட்டு வந்த ஈரச் சட்டை. ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்தவனால் அதற்கு மேல் அடக்கிவைக்க முடியவில்லை.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவரை எனக்குத் தெரியாதா? அவர் அடிச்ச கோல் ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். என் உசுரே அவர்தான். வேலை போயிடும்னுதான் கல்லு மாதிரி நின்னேன்."

அக்கா குப்பைப் பையைக் கீழே வைத்தாள். "தெரியுமா உனக்கு?"

"அவர் நிம்மதியா முடிவெடுக்கட்டும்னுதான் விட்டேன். ஃபோன்ல பேசினது கிளப் தலைவர்கிட்டதானே? இன்னும் ஒரு வருஷம் ஆடறேன்னுதானே சொன்னார்?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையை அவன் கையில் திணித்தாள்.

"அட பாவி, 'வர்ற பிளம்பருக்காவது என்னைத் தெரியுதான்னு பாக்கறேன், தெரிஞ்சா இன்னும் ஒரு வருஷம் ஆடறேன், இல்லேன்னா இன்னிக்கே விட்டுடறேன், நீங்க வாயைத் திறக்கக் கூடாது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான்யா அந்த மனுஷன் காலையில தன் கையாலேயே அந்த நட்டை லூசாக்கிவிட்டாரு."