என் அண்டாவைச் சட்டமன்றத்துக்கு இழுக்காதே

மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும், சிறுவயதில் என் கோழிக்கூண்டுக்குள் தலை மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியவனும், என் அக்கா நெட்டியின் ஒரே மகனுமான வெஸ்லிக்கு, மாமா ஹோபர்ட் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் கோழிகளும் ஒருவாறு நலம். தலைநகரில் நீயும் உன் மனைவியும் உன் புதுக் கழுத்துப்பட்டையும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டினேன். வேண்டி முடித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஓப்பலின் சாப்பாட்டுக் கடையில் முட்டை தின்றுகொண்டிருந்தபோது ரேடியோவில் உன் குரல் கேட்டது. "அரசாங்க மருத்துவ அட்டை வருவதற்கு முன்னால் எங்கள் மலையில் யாரும் கைவிடப்படவில்லை. ஒருவர் நோயில் விழுந்தால் ஊரே விருந்து வைத்துப் பணம் திரட்டியது. என் மாமா ஹோபர்ட்டின் ஸ்பகெட்டி அண்டாதான் எங்கள் காப்பீடு" என்று முழங்கினாய். கடையில் இருந்த அத்தனை பேரும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஓப்பல் காப்பி ஊற்றுவதைக்கூட நிறுத்தவில்லை. "யோவ் ஹோபர்ட், உன் மருமவன் உன் அட்டையப் புடுங்கறதுக்கு உன் அண்டாவையே சாட்சிக்குக் கூப்புடறான்யா!" என்றாள்.

அவள் சொன்னது சரி. பிள்ளைகுட்டியும் இல்லாமல், அரசாங்கத்தின் முதியோர் காப்பீடு கிடைக்கும் அறுபத்தைந்து வயதும் வராதவர்களுக்கு அட்டை வேண்டாம் என்கிறது நீ வாக்களிக்கப்போகும் மசோதா. எனக்குப் பிள்ளை இல்லை. முதியோர் காப்பீட்டுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மரம் அறுக்கும் ரம்பங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். அந்த வருமானம் எனக்கும் கோழிகளுக்கும் போதும், என் சர்க்கரை நோய்க்கான ஊசிமருந்துக்குப் போதாது. அந்த மருந்து வருவது அட்டையால். அட்டை போனால் என்ன ஆகும் என்று நீயே உன் டாக்டரிடம் கேள். உன்னிடம்தான் நல்ல காப்பீடு இருக்கிறதே, அரசாங்கம் கொடுத்தது.

நீ அந்த விருந்துகளில் மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாய். நான் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் எல்லா விருந்தும் நன்றாகத்தான் தெரியும். தேவாலயத்தில் பாடும் டார்லாவுக்குப் பித்தப்பையில் கல் என்றதும் தீயணைப்பு நிலையத்தில் விருந்து வைத்தோமே, அது உனக்கு நினைவிருக்கும். வரிசை பாலம் வரை நின்றது. பெட்ரோல் பங்கில் அவள் படம் ஒட்டி, காசு போடுவதற்காக வைத்த ஊறுகாய் ஜாடி மதியத்துக்குள் நிரம்பி, இரண்டாவது ஜாடிக்காக ஊறுகாயை அவசர அவசரமாகத் தின்று தீர்க்க வேண்டியதாயிற்று. ஏலத்தில் போன தேங்காய்க் கேக்கை வாங்கியவன் திரும்பக் கொடுக்க, அது மறுபடி ஏலம் போக, கடைசியில் அந்தக் கேக்கை யாருமே தின்னவில்லை. டார்லாவின் கல் வெளியே வந்தது. எல்லோரும் அழுதோம். சரி, அது நல்ல விருந்து. மறுக்கவில்லை.

வெர்ஜிலின் விருந்துக்கு நீ வந்தாயா? வரவில்லை. யாருமே வரவில்லை. சாலையில் நின்றுபோன வண்டிகளை இழுத்துக்கொண்டு வருபவன் அவன். இந்த மாவட்டத்தில் அவன் இழுக்காத வண்டி இல்லை, இழுக்கும்போது திட்டாத ஆளும் இல்லை. பள்ளத்தில் கிடந்த ஒரு லாரி சரிந்து அவன் காலை நசுக்கியது. அண்டா அதே அண்டா, ஸாஸும் அதே ஸாஸ். ஆனால் அன்றைக்கு மழை, பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக அது வெர்ஜில். ஜாடியில் ஒட்டிய படத்திலும் அவன் முறைத்துக்கொண்டிருந்தான். வேறு படம் கேட்டோம், எல்லாப் படமும் அப்படித்தான் இருந்தது. சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்ந்து, "மழ பெய்யுதுல்ல, மெதுவாத்தான் வருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். குலுக்கலில் வேட்டைத் துப்பாக்கி பரிசு வைத்திருந்தோம். மரியாதைக்கு அவனே ஒரு சீட்டு வாங்கினான், பரிசும் அவனுக்கே விழுந்தது. போதகர் அவன் தோளில் கை வைத்து, "வெர்ஜில், நாலு பேர கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ப்பா" என்றார். வெர்ஜில் அவரை நிமிர்ந்து பார்த்து, "ஏன் போதகரே, கால் ஒடஞ்சதுக்கும் நான் அனுசரிச்சுப் போறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான். போதகர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நான் ஸாஸைக் கிளறிக்கொண்டிருந்தேன். மிஞ்சிய ஸ்பகெட்டியை ஊர் நாய்கள் ஒரு வாரம் தின்று, பிறகு அவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வெர்ஜில் தன் இழுவை வண்டியை விற்று மருத்துவமனைக்குக் கட்டினான். வண்டி போனதும் பிழைப்பும் போயிற்று. கால் கோணலாகவே சேர்ந்தது.

அப்புறம் அட்டை வந்தது. அவன் காலைத் திரும்ப உடைத்து நேராக வைத்துக் கட்டினார்கள். கடனில் ஒரு பழைய வண்டி வாங்கி மறுபடி வேலைக்குப் போகிறான், வரி கட்டுகிறான், அந்த வரியில் உன் சம்பளமும் இருக்கிறது. போன பனிக்காலத்தில் என் வண்டி பள்ளத்தில் இறங்கியபோது அவன்தான் வந்து இழுத்தான். முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு, "இதுக்குப் பேரு வண்டியா? இத பள்ளத்துலயே விட்டுருக்கணும்" என்றும் சொன்னான். அட்டை அவன் குணத்தைத் திருத்தவில்லை, காலைத்தான் திருத்தியது. அதற்குத்தானப்பா அது!

இன்னொன்றும் கேள். உன் அம்மா சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது மலையடிவார மருத்துவமனையில்தான் பிழைத்தாள். அவளிடம் தனியார் காப்பீடு இருந்தது, உண்மை. ஆனால் வருகிற நோயாளிகளிடம் அட்டை இல்லாத காலத்தில், கட்டுபடியாகாமல் அந்த மருத்துவமனையில் பூட்டுத் தொங்கியது உனக்கும் தெரியும். வெர்ஜில் மாதிரி ஆட்களின் அட்டையால்தான் அதன் கதவு திறந்திருக்கிறது. பூட்டிய கதவிடம் உன் அம்மா எந்தக் காப்பீட்டைக் காட்டியிருப்பாள்?

இப்போது என் விருந்துக்கு வருவோம். நீ வாக்களித்து என் அட்டை போய்விட்டது என்றே வைத்துக்கொள். ஓப்பலிடம் இதைப் பேசினேன்.

"உனக்கு விருந்து வச்சா யாருய்யா வருவா? வேலித் தகராறுல லெஸ்டர் உன்கூடப் பேசறதில்ல. டார்லா பாட்டுல சுருதி இல்லன்னு கோயில்லயே எந்திரிச்சுச் சொன்ன, அந்தப் பாட்டுக் கூட்டமே வராது. கால்பந்துக் கோச்ச கழுதைன்ன."

"நீ வருவியா?"

"வருவேன். ஸாஸும் நானே பண்ணுவேன்."

"நீ ஸாஸுல சர்க்கரை போடுவியே."

"போடாம? அப்பத்தான ருசி!"

சர்க்கரை நோய்க்காரனுக்கு வைக்கிற விருந்தைப் பார்த்தாயா, வெஸ்லி! நான் யாரிடமும் பல்லைக் காட்டப்போவதில்லை. லெஸ்டரின் வேலி என் நிலத்துக்குள் நிற்கிறது. டார்லா சுருதி தவறித்தான் பாடுகிறாள், பித்தப்பையை எடுத்த பிறகும் அது சரியாகவில்லை. கோச் கழுதைதான். ஊருக்குப் பிடித்தவனுக்கு வைத்தியம், பிடிக்காதவனுக்கு நாய்க்கு மிஞ்சிய ஸ்பகெட்டி என்றிருந்த காலத்தைத்தான் நீ ரேடியோவில் பொற்காலம் என்கிறாய். அந்த அட்டை என்னைப் பிடிக்குமா என்று யாரிடமும் கேட்பதில்லை. அதனால்தான் அது எனக்குப் பிடித்திருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் நல்ல பெயர் எடுக்கத் தொடங்கு என்று என்னைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. அண்டா கொட்டகையில் கிடக்கிறது. அதற்குள் என் சிவப்புக் கோழி அடைகாக்கிறது. அதை நான் எழுப்பமாட்டேன், இது என் முடிவான பேச்சு.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பிள்ளைகளுக்குப் பற்கள் நேராக முளைக்கட்டும். அம்மாவுக்கு வாரம் ஒருமுறை போன் செய். மசோதாவை எதிர்த்து வாக்களித்துவிட்டு வந்தால் இங்கே உனக்கு முட்டை உண்டு.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத உன் மாமா,
ஹோபர்ட்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சிவப்புக் கோழியை முட்டைகளோடு வைக்கோல் கூடைக்கு மாற்றிவிட்டு அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறேன். லெஸ்டருக்கு ஒரு கூடை முட்டை கொண்டுபோய்க் கொடுத்து, வேலி பார்க்க அழகாக இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை டார்லாவிடம், உன் பாட்டைக் கேட்டு என் கண்ணில் நீர் வந்தது என்றேன், அது பொய்யில்லை. கோச்சைப் பார்த்து நான் சிரித்ததைக் கண்ட ஓப்பல், எனக்குப் பக்கவாதம் என்று ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனாள். சீக்கிரம் வாக்கெடுப்பை நடத்தச் சொல், வெஸ்லி. இந்த முகத்தை இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் என்னால் தாங்கிப் பிடிக்க முடியாது.