தசரதனின் மூன்று காரியங்களும் என்னுடைய மூன்று காரியங்களும்

காட்டுப்பள்ளிக் குப்பத்தில் கடலும் ஏரியும் ஒருங்கே கைகொடுக்க, மனை மக்களோடு நிறைவாக வாழ்ந்துவரும் என் மைத்துனர் ஆதிகேசவன் அவர்களுக்கு, பழவேற்காடு வடக்குக் குப்பத்திலிருந்து வேதாசலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. ஆடி மாதம் மூன்றாம் நாள். இவ்விடம் நான் ஒருவன் மட்டும் சுகம். என் மனைவியும் மகளும் ஐந்து நாளாக உங்கள் வீட்டில் இருப்பதால், அவர்களுடைய சுகத்தை நீங்கள்தான் எனக்கு எழுதவேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் பெரிய தங்கை அங்கே வந்து என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. எதைச் சொல்லியிருந்தாலும் அது பாதிதான். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் உங்கள் சின்னத் தங்கை ராஜாத்தியின் புருஷன், என் சகலை, அந்தத் தசரதன். மார்கழி மாதம் கோட்டைச் சமையற்கட்டுக்கு மீன் கொடுக்கப் போனவன், அங்கே கணக்கெழுதும் உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் ஒருவர் அவர்களுடைய வருஷப் பிறப்பன்று, வருஷத்துக்குள் முடிக்கவேண்டிய காரியங்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறான். பார்த்தவன் பார்த்ததோடு வீட்டுக்கு வரவேண்டியதுதானே? நேராகக் குப்பத்து நடுவில் வந்து நின்றுகொண்டு எல்லோரையும் கூப்பிட்டான்.

"தொழிலுக்கு ஒண்ணு, வூட்டுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணு. மூணே மூணு காரியம். ஆடி அமாவாசைக்குள்ள அறுவது முழத்துல புது வலை பின்னிடுவேன். தெனம் சாயங்காலம் பொண்டாட்டி புள்ளைங்களோட உக்காந்துதான் சோறு துன்னுவேன். நாளைக்கு ஒரு எழுத்துனு எழுதப் படிக்கக் கத்துக்குவேன்"னு சொன்னான்.

மச்சான், முதல் இரண்டையும் நான் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்தக் குப்பத்தில் எழுத்தாணி பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எவருக்கு ஓலை வந்தாலும் என் வாசலுக்குத்தான் வந்து நிற்பார்கள். தசரதனுக்குப் பெரிய படகு இருக்கிறது, இருக்கட்டும். கோட்டைக்குள் போய்வருகிறான், போகட்டும். என் மாமியாராகிய அத்தை அவனுக்கு மட்டும் நண்டை ஓடு உடைத்துத் தட்டில் வைக்கிறார், வைக்கட்டும். எனக்கென்று இருந்தது அந்த எழுத்து ஒன்றுதானே? அதிலும் கை வைத்தால்? போதாததற்கு மறுநாள் காலையில் என்னிடமே வந்து, "அண்ணா, நீயே சொல்லிக் குடேன்"னு கேட்கிறான். கண் வலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் போய்த் துணிக்கிடங்கில் இருக்கும் எழுத்தரைப் பிடித்து, ஏரிக்கரை மணலில் விரலால் எழுதி எழுதிப் பழகி, மாசி பிறப்பதற்குள் தன் வாசலுக்கு மேலே சுண்ணாம்பால் தன் பெயரை எழுதிவிட்டான். ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது. என் மகள் தெய்வநாயகி என் கையைப் பிடித்து இழுத்துப்போய், "நைனா, சித்தப்பா வாசல்ல இன்னா எழுதிகீது? படி"ங்கிறாள். அத்தனை பேர் நடுவில் "தசரதன்" என்று என் வாயாலேயே உரக்கப் படிக்கவேண்டி வந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை, ஒரு கோணல் இல்லை. அதுதான் எனக்குத் தாளவில்லை.

அவனுக்கு மூன்று என்றால் எனக்கும் மூன்று என்று அன்றைக்கே முடிவு செய்து, அதே இடத்தில் அவனைவிட உரக்கச் சொன்னேன். தொழிலில், கோட்டைக்குள் போகும் மீன் அத்தனையும் இனி என் கூடையில்தான் போகும். வீட்டில், உயிருள்ளவரை பெண்டாட்டி மேல் கோபமே படமாட்டேன். எனக்காக, உலாந்தா பாஷையை முழுசாகக் கற்றுக்கொள்வேன். கூட்டத்திலிருந்து உங்கள் தங்கை மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "எப்பக்குள்ள?"

"நாள் குறிச்சி செய்றதுக்கு நான் இன்னா தசரதனா?"னு கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதை மெச்சிச் சிரித்ததாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக் காரியம் அன்று சாயங்காலமே சோதனைக்கு வந்தது. மடவை மீன் குழம்பை இறக்கிவைத்துவிட்டு உங்கள் தங்கை, "ராஜாத்தி வூட்ல எல்லாம் ஒண்ணா உக்காந்து துன்றாங்க, பாக்கவே நல்லா கீது"னு சொன்னாள். நான் அவள் மேல் கோபப்படவில்லை மச்சான், சட்டியின் மேல்தான் பட்டேன். சட்டி எப்படிப் பெண்டாட்டி ஆகும்? மறுநாளும் ஒரு சட்டி. அதற்கடுத்த வாரம் மூடியும் கரண்டியும். சித்திரைக்குள் எங்கள் வீட்டில் சட்டியே மிச்சமில்லை என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அது பொய். இரண்டு மிச்சமிருந்தன.

பாஷைக் காரியத்தை நான் விடவில்லை. கோட்டை வாசலில் காவல் நிற்கும் சிப்பாய் ஒருவனுக்குக் கருவாடு கொடுத்துக் கொடுத்து நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன். வணக்கம், நல்ல மீன், என்னிடமே வாங்குங்கள், போய்வருகிறேன். வைகாசியில் ஒருநாள் தசரதனுக்கு முன்னாலேயே கூடையோடு சமையற்கட்டுக்குப் போய், சமையல் தலைவரைப் பார்த்து நாலு வார்த்தையையும் வரிசையாகச் சொன்னேன். அந்த மனிதர் முகம் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்தது. நான் சொன்னது வாயை மூடு, உன் மூஞ்சி அழுகல் மீன், உன் தாடியில் பேன், போய்த் தொலை என்று பிறகு துபாஷி விளக்கிச் சொன்னார். கையில் அகப்பையோடு அவர் என்னைத் துரத்த, எதிரே கூடையோடு வந்த தசரதன் நடுவில் புகுந்து, கையெடுத்துக் கும்பிட்டு, துபாஷியைக் கூப்பிட்டு, "தெரியாம சொல்லிட்டார், எங்க அண்ணன் ரொம்ப நல்லவரு"னு சொல்லி என்னை வெளியே அழைத்துவந்தான். என்னை நல்லவன் என்று சொல்ல இவன் யார்?

இனி வலைக் கதை. அதைத்தான் அங்கே எல்லோரும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனி கடைசியில், தசரதன் கோட்டைக்குப் போயிருந்த ஒரு பகல், அவன் புது வலை கழிகளின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. அறுபது முழம் என்று வாயால் சொன்னால் ஆயிற்றா, அளந்து பார்க்கவேண்டாமா? முழங்கை வைத்து அளந்துகொண்டே போனேன். ஐம்பத்துநாலு முழம்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று எழுதுவேன்! ஒருவேளை மடிப்பில் ஆறு முழம் ஒளிந்திருக்குமோ என்று உள்ளே நுழைந்து பார்த்தேன். அப்போது ஒரு காற்று அடித்தது பாருங்கள், கழி சாய்ந்து வலை முழுக்க என் மேல் விழுந்தது. குடுமி ஒரு கண்ணியில், காதுக் கடுக்கன் ஒரு கண்ணியில், கால் கட்டைவிரல் ஒரு கண்ணியில். இழுக்க இழுக்க இறுகுகிறது. முப்பது வருஷமாக வலை வீசியவன், தரையில் மடவை மாதிரி துள்ளிக்கொண்டிருந்தேன். ராஜாத்தி போட்ட கூச்சலில் குப்பமே கூடிவிட்டது. "குடுமிய அறுத்துட்டா வெளிய வந்துடுவாரு"னு நாலு பேர் யோசனை சொன்னார்கள். அதற்குள் தசரதன் வந்தான். என்னைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

"குடுமி இல்லாம அண்ணன் எப்டி வெளிய தல காட்டுவாரு? வலைய அறுத்துக்கலாம்"னு சொல்லி, ஆறு மாதமாக அவன் பின்னிய வலையில் எட்டு முழத்தைச் சரசரவென்று அறுத்துப்போட்டான். பிறகு என்னைத் தூக்கி நிறுத்தி மணலைத் தட்டிவிட்டு, "பரவால்லணா, ஆடி அமாவாசைனு சொன்னத ஆவணி பத்துனு மாத்தி வெச்சிக்கிறேன்"னு சொன்னான். ஒரு திட்டு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. நாலு அறை விட்டிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு மனிதன் இவ்வளவு நல்லவனாக இருப்பது அடுத்தவனை அவமானப்படுத்துவது ஆகாதா? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தங்கை அங்கேயே, கூட்டத்தின் நடுவிலேயே என்னிடம் சொன்னாள்: "உனுக்கு இன்னாயா மூணு காரியம்? ஒரே காரியந்தான். ராஜாத்தி வூட்டுக்காரர விட ஒசந்து நிக்கணும். அதுக்கு நானும் வேணாம், இந்தப் புள்ளயும் வேணாம்."

அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். "அப்ப அவனையே கட்டிகினு இருந்திருக்க வேண்டிதுதானே"னு சொன்னேன். ராஜாத்தி கேட்க, தசரதன் கேட்க, தெய்வநாயகி கேட்கச் சொன்னேன். சொன்னது தப்பு. ஆனால் குடுமி வலித்துக்கொண்டிருக்கும்போது சொன்னது. உங்கள் தங்கை அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, தெற்கே போன படகில் ஏறிவிட்டாள்.

ஆகவே மச்சான், குடும்பத்துக்கு மூத்தவராகிய நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டும். தசரதன் என்னைவிட எந்த விதத்திலும் பெரியவன் இல்லை என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லி, உங்கள் தங்கையை அனுப்பிவைக்கவேண்டும். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் செய்தாலும் சம்மதமே. ஐந்து நாளாக என் சமையலை நானே சாப்பிட்டுவருகிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் பிள்ளைகள் கடலில் போன படகு கரைக்கு வருவதுபோல் எப்போதும் குறைவில்லாமல் வீடு திரும்பி, நீடூழி வாழ ஏரிக்கரை அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
வேதாசலம்

பின்குறிப்பு: தென்காற்று பலமாக இருந்ததால் நேற்றும் இன்றும் தெற்கே படகு போகவில்லை. ஓலைக் கட்டு என் கையிலேயே தங்கிவிட்டது. சும்மா இருப்பானேன், எழுதியதைத் தசரதன் முகத்துக்கு நேரே படித்துக் காட்டிவிடலாம் என்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தனியாக உட்கார்ந்து அந்த எட்டு முழத்தைப் பின்னிக்கொண்டிருந்தான். "குடுணா, நானே படிக்கிறேன்"னு வாங்கி, உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகத் தடவினான். அவனுக்கு வேகமாகப் படிக்க வருவது அவன் பெயர் மட்டும்தான் போலிருக்கிறது. கடைசி ஓலை வரை புரட்டிவிட்டு, "இன்னாணா, எங்க பாத்தாலும் என் பேருதான் கீது. அண்ணி பேரு எங்க?"னு கேட்டான். 'உங்கள் தங்கை'னு எழுதியிருப்பதாகச் சொன்னேன். "பேரு எழுதலயா?"னு மட்டும் கேட்டான். நான் ஓலைக் கட்டை வாங்கி முதல் ஓலையிலிருந்து தேடிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட இல்லை மச்சான். பதினான்கு வருஷமாகக் கூட வாழ்ந்தவள்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஊசியை எடுத்துக்கொண்டேன். மூன்று முழம் முடித்திருப்போம், உங்கள் தங்கை திரௌபதி வந்து நின்றாள். அதே தென்காற்றில் வடக்கே வந்த படகில், அம்மிக்கல்லை எடுத்துப்போக வந்தாளாம். "இன்னாயா பண்ற?"னு கேட்டாள். "எட்டு முழம், ஆவணி பத்துக்குள்ள"னு சொன்னேன். பிறகு நூல் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஊசிக்கு நூல் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். அன்று சொன்ன வார்த்தைக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "வூட்டுக்கு வா, அங்க பேசிக்கலாம்"னு சொல்லியிருக்கிறாள். அம்மி இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெய்வநாயகியை மட்டும் காற்று தணிந்ததும் அனுப்பிவையுங்கள்.

ஆகவே மேலே எழுதியவை எதையும் படிக்கவேண்டாம். எழுத்தாணிக் கீறலை அழிக்க முடியாததால் அப்படியே அனுப்புகிறேன். ஆனால் ஒரு சேதியை மட்டும் அத்தையிடம் உரக்கச் சொல்லவேண்டும், காது மந்தம் என்றால் இரண்டு தடவை. என் முடிச்சு அவன் முடிச்சைவிட இறுக்கமாக இருக்கிறதாம். தசரதனே ஒப்புக்கொண்டான்.